ஏரிக்கரைமேல் ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ்

ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் ஒரு காரை ஏரிக்கரைமேல் ஏற்றினேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. குடித்திருக்கவும் இல்லை. போன் சொன்னது, ஏற்றினேன். ஏறிய தூரம் முழுவதையும் பிறகு ரிவர்ஸில் கடந்தேன். கார் என்னுடையதுகூட இல்லை, என் தங்கை கணவருடையது. அவருக்குப் படிக்கிற வழக்கம் கிடையாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்பது மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற பதவி என்று நினைத்திருந்தேன். பத்திரிகை வைக்கிற வேலையும் அதோடு சேர்ந்தே வரும் என்று தங்கை சொன்னாள். மாப்பிள்ளை (தங்கை கணவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு காலத்தில் காஞ்சிபுரம் பக்கம் வேலை பார்த்தவர். அங்கே நான்கு வீடுகளுக்கு நேரில் போய்க் கொடுத்தே ஆகவேண்டுமாம். “வாட்ஸ்அப்ல அனுப்பினா வாட்ஸ்அப்லயே வாழ்த்திட்டு இருந்துக்குவாங்க, அண்ணா” என்றாள். மறுக்க முடியாத வாதம். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வெள்ளைக் காரோடு கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டேன்.

முதல் நாள் காஞ்சிபுரம். மூன்று வீடு, மூன்றிலும் கேசரி. இடையில் காஞ்சிபுரம் இட்லி. எங்கள் ஊர் இட்லி வாயில் போட்டதும் சரணடைந்துவிடும். இந்த இட்லி மிளகும் சுக்குமாக நின்று வாதாடுகிறது. இரண்டாவது துண்டில் நான் அதன் கட்சிக்குப் போய்விட்டேன்.

போனில் வழி சொல்கிற பெண்குரல் அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. அதன்மேல் நான் வைக்கிற முதல் குற்றச்சாட்டே இதுதான். ஆட்டோகூட யோசிக்கிற சந்துகளில் என்னை நுழைத்து, மூன்று வாசலிலும் மிகச் சரியாக இறக்கிவிட்டது. மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர், “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இங்கயே பொறந்தவங்களே சுத்துவாங்க” என்று வியந்தார். நான் அடக்கமாகச் சிரித்தேன். வழியை நானே போட்டதுபோன்ற சிரிப்பு. மனிதன் கெட்டுப்போவது இந்த மாதிரி சாயங்காலங்களில்தான்.

இரண்டாம் நாள் நான்காவது வீடு. மானாம்பதி தாண்டி ஒரு கிராமம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தாம்பூலத்தோடு மறுபடியும் அங்கே போகவேண்டியிருக்கும் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

உத்திரமேரூரில் காலை உணவு. பொங்கலும் வடகறியும். வடகறி என்பது நேற்றைய வடைக்கு இன்று கிடைக்கிற மறுவாழ்வு என்று எங்கள் பக்கம் ஏளனமாகப் பேசுவோம். இனிமேல் பேசமாட்டேன். கல்லாவில் இருந்தவர் என் காரின் நம்பர் பலகையைப் படித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

“நாஷ்டா எப்பிடி கீது சார்? எம்மாந்தூரம் போறீங்க?”

சொன்னேன்.

“அந்தாண்டையா? அங்க இப்ப அறுப்பு டைமாச்சே. ரோட்ல நெல்லு…”

நான் போனை எடுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். போலீஸ்காரர் அடையாள அட்டை காட்டுவாரே, அந்த மாதிரி. “இதுல இருக்குங்க” என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். நீலக் கோடு ஒன்று நெளிந்து போய் ஒரு சிவப்புப் புள்ளியில் முடிந்தது. “அதுல கீதா? அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரை பொங்கலோடு முடிந்திருக்கும்.

யார் யாரை நம்பி ஊர்ப்பொறுப்பை ஒப்படைக்கக்கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் பட்டியல் வெட்டிவைத்த ஊர் அது. கோயிலுக்குள் போய்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். போனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஊரைத் தாண்டியதும் முதல் எச்சரிக்கை வந்தது. கோடு சிறியதாகத் தெரிந்ததால், ஓட்டிக்கொண்டே இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கினேன். அந்த நேரத்தில் வெள்ளை வர்ணம் உதிர்ந்த ஒரு வேகத்தடை வந்தது. நான் கூரையை முட்டினேன். போன் தாங்கியிலிருந்து கழன்று என் காலடியில் விழுந்து, பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. எதிரே ஒரு டவுன் பஸ். பிரேக்கை மிதித்தால் போன் உடையும், மிதிக்காவிட்டால் நான் உடைவேன். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு ஒரு கணம் யோசனை வந்தது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். பஸ் டிரைவர் ஒதுங்கி, ஜன்னல் வழியாக என் பிறப்பைப் பற்றி ஒரு சந்தேகத்தை எழுப்பிவிட்டுப் போனார். போனை எடுத்துத் துடைத்து மறுபடியும் தாங்கியில் பொருத்தினேன். அதைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு ஒரு மனிதரிடம் வழி கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

அடுத்து, ரோடு இரண்டாகப் பிரிகிற ஒரு கவை. வலதுபக்கம் நல்ல தார் ரோடு, ஆனால் அதன் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தது. முள்ளுக்கு அப்பால் ரோட்டின் முழு அகலத்துக்கும் நெல். கண்ணுக்கு எட்டிய வரை பொன்னிறமாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் கற்கள். இடதுபக்கம் மண்பாதை ஒன்று மேடேறி ஏரிக்கரைக்குப் போனது. நிறைய டயர் தடம். குரல் சற்றும் தயங்காமல், “இடதுபுறம் திரும்பவும்” என்றது.

எங்கள் கோயம்புத்தூரில் ஏரியைக் குளம் என்போம். அதன் கரைமேல் கல் பாவி, விளக்குப் போட்டு, பெஞ்சும் வைத்திருப்பார்கள். கரை என்றால் காலையில் நடக்கிற இடம் என்றே என் மனதில் பதிந்திருக்கிறது. நம்பி ஏற்றினேன்.

முதலில் அழகாகத்தான் இருந்தது. இடதுபுறம் ததும்பும் ஏரி, நாரைகள். வலதுபுறம் இரண்டு ஆள் ஆழத்தில் அறுத்த வயல்கள். தடங்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுடையவை என்பதும், கரை காரைவிட ஒரு முழம்தான் அகலம் என்பதும் போகப்போகத்தான் தெரிந்தது. திரும்ப இடமில்லை. “தொடர்ந்து நேராகச் செல்லவும்” என்றது குரல். வேறு எங்கே செல்வது?

எதிரே ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்னால் டிரெய்லர் நிறைய நெல் மூட்டை. மூட்டைமேல் பச்சைப் புடவையில் ஒரு பெண், தலையில் துண்டு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹார்ன் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். பெயர் ஏகாம்பரம் என்பது பிறகு தெரிந்தது. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“இன்னா சார், கரை மேல காரை ஏத்திக்கினு வந்துகீற?”

“போன்ல இதுதான் வழின்னு காட்டுச்சுங்க.”

“போன்லயா?” திரையைக் குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். “அக்கா, இங்க வந்து பாரேன். நம்ம கரையை ரோடுன்னு போட்டுகீறான்!”

மூட்டைமேல் இருந்த பெண் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். மாசி மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத கருப்பாக ஒரு மேகம் தென்கிழக்கில் ஏறிக்கொண்டிருந்தது. “ஏகாம்பரம், டைம் இன்னா?”

“ரெண்டரை ஆவுதுக்கா.”

“நாலு மணிக்குள்ள சென்டர்ல இருக்கணும். தெரியுமில்ல?”

அஞ்சலை என்பது அவள் பெயர். இத்தனை வருஷமும் மற்றவர்கள் கழனியில் நடவும் களையெடுப்பும் கூலிக்குச் செய்துவந்தவள். இந்தப் போகம்தான் முதல்முறையாக அரைக் காணி நிலம் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைத்திருக்கிறாள். டிரெய்லரில் இருந்தது அந்த முதல் விளைச்சல். அரசு கொள்முதல் நிலையத்தில் அன்று நாலு மணிவரை அவளுக்கு டோக்கன். தவறினால் அடுத்த டோக்கன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் மழை பிடித்தால் நெல் ஈரமாகிவிடும், ஈரநெல்லை நிலையத்தில் தொடமாட்டார்கள். இதையெல்லாம் ஏகாம்பரம் ஜன்னலில் கையை ஊன்றியபடியே சொன்னார். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற தொனி.

“தார் ரோட்டுல போக முடியாதுங்களா?” என்று கேட்டேன்.

“அதுலதான் ஊர் நெல்லு மொத்தமும் காயுதே சார். வாரி வயி வுடறதுக்குள்ள பொயுது போயிடும். மய வேற வருது. நாங்களே பத்து நாளா கரை மேலதான் போய்க்கினு வந்துக்கினு கீறோம். வண்டிக்காரப் பசங்க எல்லாம் போனை பாக்கெட்ல வெச்சிக்கினுதான் போறானுங்க. உன் போன் அத்தைப் பாத்துக்கினு கீது போல. எல்லாம் இப்பிடித்தான் போறாங்க, இதான் ரோடுன்னு எயுதிகிச்சி.”

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் ரோட்டைத் தாங்களே முள் போட்டு அடைத்துவிட்டு, தங்கள் சட்டைப்பையாலேயே ஏரிக்கரையை ரோடாக்கியிருக்கிறார்கள். பாக்கி இருந்தது அதை நம்பி வருகிற ஒரு முட்டாள் மட்டும்.

லோடு ஏற்றிய டிரெய்லரைக் கரைமேல் பின்னுக்குத் தள்ள முடியாது, மடங்கிக் கவிழும். ஆகவே போகவேண்டியது நான். ஒரு கிலோமீட்டர். (ஏகாம்பரம் முக்கால்தான் என்பார். அவர் ரிவர்ஸில் போகவில்லை.)

அஞ்சலை இறங்கி, காரை உரசியபடி பின்னால் போய் நின்றாள். “நான் கை காட்டறேன். என்னைப் பாத்துக்கினே வாங்க சார். வேற எங்கயும் பாக்காதீங்க.”

என் பக்கத்துக் கண்ணாடியில் பச்சைப் புடவையும் இரண்டு கைகளும் தெரிந்தன. “வுடு… வுடு… லேசா ஒடி… அய்யே, அம்மாம் ஒடிக்காதீங்க… நேரா வுடு.” இப்படியே பாதித் தூரம் வந்துவிட்டேன். சட்டை நனைந்திருந்தது. கொஞ்சம் பெருமைகூட வரத் தொடங்கியிருந்தது.

அப்போது குரல் பேசியது. “சாத்தியமானபோது யூ டர்ன் எடுக்கவும்.”

நான் போனைப் பார்த்தேன். அதை அணைக்கத்தான் பார்த்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அது என்ன சொல்ல வருகிறது என்று பார்த்தேன். இரண்டு விநாடி இருக்கும். கார் தன்பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது அதில் பச்சைப் புடவை இல்லை. வானம் மட்டும் இருந்தது. அதே கணத்தில் வலது பின்சக்கரம் எதிலிருந்தோ இறங்கியது. பிரேக்கை மிதித்தேன்.

எஞ்சின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். என் பக்கத்துக் கதவுக்குக் கீழே கரை இல்லை, சரிவுதான் இருந்தது. இடதுபக்கமாக ஊர்ந்து இறங்கினேன்.

அஞ்சலை கழனிச் சரிவின் அடியில், முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். குதித்திருக்கிறாள். அவள் நின்றிருந்த இடத்தில் இப்போது மாப்பிள்ளையின் புதுக்காரின் பம்பர் இருந்தது. ஒரு கையால் புல்லைப் பிடித்து மேலே ஏறினாள். முதலில் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. அதுவரை கிடைத்துவந்த ‘ங்க’ மரியாதை அத்தோடு நின்றது.

“கண்ணு எங்க வெச்சிக்கினு இருந்த சார்?”

“போன்ல…”

“பின்னால நான் கீறேன். போன்ல இன்னா கீது?”

எனக்கு ஓரளவு பேசத் தெரியும். மேடைகளில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அங்கே நின்று பதில் தேடினேன். இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காருக்குள் கையை விட்டு, போனைத் தாங்கியிலிருந்து பிடுங்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏகாம்பரம் டிரெய்லரிலிருந்து இரண்டு கட்டு வைக்கோல் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார். நான் முதல் கியரில் அழுத்த, அவர் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க, மூன்றாம் முயற்சியில் சக்கரம் கரைக்கு ஏறியது. இருபது நிமிஷம் போயிற்று. மேகம் ஏரியின் பாதிவரை வந்துவிட்டது.

மீதித் தூரம் கண்ணாடியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அஞ்சலை மறுபடியும் காருக்குப் பின்னால்தான் நடந்தாள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அப்போது உறைக்கவில்லை. அவள் இடுப்பிலிருந்து அந்தக் குரல் மட்டும் ஓயாமல் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. எனக்கு எதிரே டிராக்டரை ஊரவிட்டு வந்த ஏகாம்பரம், “யாருக்கா அது பேசறது, சார் சம்சாரமா?” என்று கத்தினார்.

“சம்சாரமா இருந்தா இந்நேரம் எறங்கிப் போயிருக்கும். இது வயி சொல்ற பொம்பள” என்றாள் அஞ்சலை. பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்து, “ஏய், வாய மூடு” என்றாள். ஆச்சரியம், அது மூடிக்கொண்டது. சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும்.

கவையில் காரை ஒதுக்கியபோது மூன்றே கால். போனை என் கையில் வைத்துவிட்டு அவள் மூட்டைமேல் ஏறினாள். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. “நெல்லை எடுத்துக்கிட்டாங்களான்னு நான் தெரிஞ்சுக்கணும்ங்க. உங்க நம்பர் குடுங்க” என்றேன்.

“தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

நான் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து இரக்கப்பட்டு, மீந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்புறத்தில் நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். டிராக்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. முதல் துளி என் மூக்குக் கண்ணாடிமேல் விழுந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு, நெல்லை மிதிக்காமல் ரோட்டோரக் கற்களின்மேல் நடந்தேன். ஊரே ரோட்டில் நின்று நெல்லை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தது. குங்குமச் சிமிழும் பத்திரிகையுமாகக் கல்லுக்குக் கல் தாவிப் போகிற என்னை நிமிர்ந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பத்து நிமிஷத்தில் தலைமையாசிரியர் வீடு. நீலக் கோடு காட்டிய அதே சிவப்புப் புள்ளி.

அவர் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “கவையில் நின்று ஒரு போன் செய்திருந்தால், நானே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பேனே” என்றார். வகுப்பறைத் தமிழ் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டு நாளாக அந்தப் போனை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியிருந்தேன், பேசுவதற்கு மட்டும்தான் இல்லை. அங்கேயும் கேசரி. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடிகாரம் நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தக் கேசரி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் கோயம்புத்தூருக்குத் திரும்பினேன். போனைப் பின்சீட்டில், பத்திரிகைப் பைக்குள் வைத்திருந்தேன். ஏழு இடத்தில் வழி கேட்டேன், ஒரு இடத்தில் மோர் கொடுத்தார்கள். மாப்பிள்ளை காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “வைக்கோல் எப்படி வந்துச்சுங்க மச்சான்?” என்று கேட்டார். கிராமம் என்றால் இருக்கத்தானே செய்யும் என்றேன்.

மறுநாள் காலை, பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, உறையில் எழுதியிருந்த நம்பரை அழைத்தேன். அஞ்சலைதான் எடுத்தாள். பின்னணியில் கோழி.

“நான்தாங்க. ஏரிக்கரை மேல கார் கொண்டாந்தேனே, அந்த ஆளு. உங்க நெல்லு என்னாச்சுங்க?”

“நெல்லா? எடுத்துக்கினாங்க. நாங்க உள்ள போவ, மய புடிச்சிகிச்சி. மூட்டைல ஒரு சொட்டு வியல.” பிறகு கோழியை ஒரு அதட்டு அதட்டினாள். “ஆமா, நீ எந்தக் காரு சார்?”

எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. “என்னாலதானே நீங்க கழனியில குதிச்சீங்க?” என்றேன்.

“இந்த அறுப்புக்கு ரெண்டு காருக்குக் குதிச்சிகீறேன் சார்” என்றாள் அஞ்சலை. “நீ வெள்ளையா, சேப்பா?”